யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் மாரிக்கும் தாங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ரயர்

வார நாட்களில் கொட்டகைக்குள் நின்று, சனி ஞாயிறில் வெளியே வந்து, எப்போதாவது ஓட்டோகுறொஸ் என்ற கூம்புப் போட்டி ஓடும் காருக்கு எந்த ரயர் நல்லது என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வெளிநாட்டு வேகப் பட்டியல்களில் முதலாவதாக நிற்கும் ரயரை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு வாங்காதீர்கள். அந்தப் பட்டியல் ஒரு நிமிட ஓட்டத்தில் எது முந்தியது என்று மட்டும் சொல்லும். எங்கள் கார் அந்த ஒரு நிமிடத்துக்காக ஏ9 வீதியில் போய், அதே ரயரில் வீடு திரும்ப வேண்டும்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர். நிறை ஒரு தொன்னை ஒட்டியது, பின் சில்லு இழுவை, ரயர் 195/50ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 50 வீதம், றிம் 15 அங்குலம்). 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் கையில் இருக்கும் பழைய காரைக் கவனமாக வைத்திருக்கும் ஆட்கள் இங்கே கனபேர். கீழே சொல்வது அப்படிப்பட்ட சிறிய, பாரம் குறைந்த காரை மனதில் வைத்துத்தான்.

ஓட்டோகுறொஸ் என்றால் பரந்த தளத்தில் கூம்புகளை அடுக்கி, ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பது. வேகம் பெரிதாக ஏறாது. நிறுத்துவதும் வளைப்பதும்தான் முழு வேலையும். இங்கிருந்து இப்படி ஒரு போட்டிக்குப் போவதென்றால் பெரும்பாலும் தெற்குப் பக்கம்தான். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போட்டி ரயர் நான்கைத் தனி றிம்மில் போட்டுக் கொண்டுபோகலாமே என்பார்கள். ரோட்ஸ்டரின் பின்பெட்டியில் இரண்டு பயணப் பையே நெருக்கியடித்துத்தான் வைக்கலாம். பிக்அப் வைத்திருக்கும் நண்பர் கூட வந்தால் அது நல்ல வழி. இல்லாவிட்டால் ஒரே செற் ரயர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

ரயரின் பக்கச் சுவரில் ‘ட்ரெட்வெயார்’ என்று ஓர் எண் இருக்கும். எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடி கூட, ஆயுள் குறைவு என்று பொதுவாகச் சொல்லலாம். அமெரிக்காவில் கார்ப் போட்டிகளை நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பு ஓட்டோகுறொஸின் தெருக் கார் வகுப்புகளுக்கு 200க்குக் குறையாத ரயர் வேண்டும் என்று விதி வைத்ததால், கம்பனிகள் சரியாக 200இல் போட்டி ரயர்களைச் செய்கின்றன. யோகோஹாமா அட்வான் ஏ052, பிறிட்ஜ்ஸ்ரோன் பொரென்சா ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் வென்ரஸ் ஆர்எஸ்4 எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஆனால் அந்த எண்ணைப் போடுவது ரயர் செய்த கம்பனியே. ஒரே கம்பனியின் இரண்டு ரயர்களை ஒப்பிட அது உதவும். ஒரு கம்பனியின் 200ஐ இன்னொரு கம்பனியின் 300உடன் வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

இந்த 200 கூட்டத்துக்குள்ளேயும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஏ052 முதல் வளைவிலேயே பிடிக்கும், கெதியாகச் சூடேறும், குளிர் நாட்டில் அதனால்தான் அதற்கு அவ்வளவு பேர். எங்கள் மதிய வெயிலில் தார் 50 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். அங்கே சூடேற்றுவது பிரச்சினையே இல்லை, சூட்டை இறக்குவதுதான் பிரச்சினை. மூன்றாவது ஓட்டத்தில் ஸ்ரியரிங் எண்ணெய் தடவியதுபோல வழுக்கத் தொடங்கினால் ரப்பர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். ஆர்எஸ்4 எதிர்மாறு: மெதுவாகச் சூடேறும், ஆனால் சூட்டைத் தாங்கும், தேய்வதும் மெதுவாக. 200இல் ஒன்றுதான் வேண்டும் என்று நிற்பவருக்கு எங்கள் ஊர் வெயிலுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி போன்ற குளிர் இடத்துக்குப் போனால் கணக்குத் தலைகீழ். அங்கே கெதியாகச் சூடேறும் ரயருக்குத்தான் வாய்ப்பு.

இனி மாரி. எங்கள் மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். நிலம் தட்டை, தண்ணீர் ஓட இடமில்லை, காப்பற் போட்ட வீதியிலும் ஓரம் முழுக்கத் தேங்கி நிற்கும். போட்டி ரயரில் தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால் குறைவு. புதிதாக இருக்கும்போது நனைந்த தாரில் நன்றாகவே பிடிக்கும். பாதி தேய்ந்தபின் தேங்கிய தண்ணீரில் ஏறினால் கார் மிதக்கும். மென்மையான ரப்பர் ஒழுங்கைக் கல்லையும் ஆணியையும் பொறுக்கிக்கொண்டு வருவது இன்னொரு தொல்லை.

ஆகவே எப்போதாவது மட்டும் போட்டி ஓடுபவருக்கு என் முடிவு: வேகக் கார்களுக்கென்று செய்த நல்ல கோடை ரயர். கோடை என்று பேர் இருந்தாலும் பனி இல்லாத வீதிக்கானது என்றுதான் அர்த்தம்; போட்டி ரயரைவிடத் தண்ணீர் வாய்க்கால் கூட, மாரிக்கும் அதுதான் தோது. யோகோஹாமா அட்வான் ஃபிளெவா வி701, பிறிட்ஜ்ஸ்ரோன் பொரென்சா அட்ரினலின் ஆர்இ004 போன்றவை. போட்டியில் 200 ரயருக்குப் பின்னால்தான் வருவீர்கள், அது உண்மை. ஆனால் ரயர் வழுக்கப் போவதை முன்கூட்டியே சத்தத்தால் சொல்லும், ஓட்டம் பழக அது பெரிய உதவி. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் அருமையான ரயர்தான், ஆனால் பெரிய றிம்களுக்குத்தான் வருகிறது. 15 அங்குலத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். “இது கனகாலம் உழைக்கும் அண்ணை” என்று கடைக்காரர் எடுத்துக் காட்டும் ரயர் பெரும்பாலும் குடும்பக் காருக்கானது. அவர் சொல்வது பொய்யில்லை, எங்கள் தேவைதான் வேறு.

அளவில் ஆசைப்படாதீர்கள். என் காரின் 6 அங்குல றிம்மில் 195 சரியாக உட்காரும், 205/50 வரையும் போகலாம். 225ஐ ஏற்றினால் பக்கச் சுவர் உள்ளே ஒடுங்கி, வளைவில் ரயர் உருளும். வெளி விட்டமும் மாறக்கூடாது: 195/50ஆர்15இன் விட்டம் 576 மி.மீ., 205/50ஆர்15 என்றால் 586 மி.மீ. அந்த 10 மி.மீ. பரவாயில்லை, அதற்கு மேல் போனால் வேகமானியும் கியர் இழுவையும் மாறும். பாரச் சுட்டெண்ணும் வேகக் குறியும் கார் கேட்பதற்குக் குறையக்கூடாது. 82வி என்றால் ஒரு ரயர் 475 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீற்றர் வரை. நான்கு ரயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பின் சில்லு இழுக்கும் காரில் புதியதை முன்னுக்குப் போட்டுத் தேய்ந்ததைப் பின்னுக்கு விட்டால் மழையில் வால் முந்தும்.

காசு கொடுக்கமுன் செய்த திகதியைப் பாருங்கள். டொட் (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில ரயர்களில் இந்த முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். றிம்மில் ஏற்றியபின் அது உள்பக்கம் போய்விடும், ஆகவே ஏற்றமுன் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தது என்றால் நான் எடுப்பதில்லை. வெக்கையான களஞ்சியத்தில் மென்மையான ரப்பர் இறுகிவிடும்.

அப்புறம் காற்று. நல்ல ரயரையும் கெட்ட ரயராக்குவது இதுதான். என் காரின் கதவோரத் தாளில் 26 பிஎஸ்ஐ என்று இருக்கிறது, வீதிக்கு அது போதும். போட்டியன்று முன்னுக்கு 30, பின்னுக்கு 28 வைத்துத் தொடங்குவேன். ஓட்டத்துக்கு முன் ரயரின் தோளிலிருந்து (தரையில் படும் பகுதி பக்கச் சுவரோடு சேரும் விளிம்பு) பக்கச் சுவர் வரை வெண்கட்டியால் மூன்று இடத்தில் கோடு இழுங்கள். தோளில் சிறிய முக்கோண அடையாளம் ஒன்று இருக்கும். ஓடி வந்து பார்த்தால் வெண்கட்டி அந்த முக்கோணம் வரை அழிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். தோளிலேயே கோடு மிஞ்சி நின்றால் குறையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து, ஏறிய காற்றை இறக்க வேண்டும். கார் வெயிலில் நின்றால் வெயில் பக்க ரயர் இரண்டும் நிழல் பக்கத்தைவிடக் கூடக் காட்டும், அதையும் கவனியுங்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல் ஒன்று இருந்தால் இடைவேளையில் ரயரை நனைத்துச் சூட்டை இறக்கலாம். வீட்டுக்குக் கிளம்பமுன் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

புது ரயரின் மேலே அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். அது போகும்வரை ஆறுதலாக ஓடுங்கள். கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பினால் 100 சொச்சம் கிலோமீற்றர் சேர்ந்துவிடும். திரும்பி வந்ததும் சில்லு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.