கலஞ்சோ பூக்கவில்லையா? உரத்தை விட்டுவிட்டு டியூப்லைட்டைப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் கலஞ்சோவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, வாங்கிவிடுவோம். அடுத்த வருடம் வெறும் இலையாக நிற்கும் அதே செடியைப் படம் எடுத்து அனுப்பி, "என்ன உரம் போடலாம்?" என்று கேட்கிறார்கள். தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடலாம். பலரும் கவனிக்காமல் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

ராத்திரி வெளிச்சம்

மடகாஸ்கரில் பிறந்து, 1930களில் ஜெர்மன் நர்சரிக்காரர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் மூலம் ஐரோப்பிய வீடுகளுக்குள் வந்த செடி இது. மொட்டு வைக்கலாமா என்பதை இரவின் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். பகல் சுமார் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இருட்டும் இடைவிடாமல் இருக்க வேண்டும். நடுராத்திரி கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும்.

சென்னையில் டிசம்பர் கடைசியில்கூடப் பகல் கிட்டத்தட்ட 11 மணி 20 நிமிடம். ஹாலில் பதினொரு மணி வரை சீரியல் ஓடினால், செடிக்கு வருடம் முழுக்கக் கோடைதான்.

என் சித்தி ஒரே செடியிலிருந்து கிள்ளி இரண்டு தொட்டி வைத்தார். ஒன்று ஹால் ஜன்னலில். இன்னொன்று, இடமில்லாமல், கொல்லைப்புறத் துவைக்கிற கல் பக்கம். செல்லம் எல்லாம் ஹால் செடிக்கே: வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், கடலைப் புண்ணாக்கு, டிஏபி உரம். இலை தடித்துக் கரும்பச்சையாகப் பளபளத்ததே தவிர ஒரு மொட்டு இல்லை. கொல்லைச் செடி இலை ஓரம் சிவந்து, நோஞ்சானாக, நுனியெல்லாம் அரிசி அளவு மொட்டோடு நின்றது. அதைப் பார்த்தும் "அந்த மண் ராசி" என்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கடையில் எந்த மாதமும் பூ கிடைக்கிறதே என்றால், வளர்ப்பவர்கள் பசுமைக்குடிலில் கறுப்புத் துணி போர்த்தி இரவை நீட்டுகிறார்கள். வீட்டில் அட்டைப்பெட்டி போதும். ஐப்பசி கடைசியில் ஆரம்பியுங்கள். மாலை 5:30க்குக் கவிழ்த்து, காலை 7:30க்கு எடுங்கள். ஆறு வாரம். பெட்டி ஓட்டைகளை டேப்பால் அடைத்துவிடுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். மொட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகு பெட்டி வேண்டாம். மழை படாத, தெருவிளக்கு விழாத மூலை இருந்தால் முதலிலிருந்தே வேண்டாம்.

வந்த தொட்டியிலேயே விடுவது

அதில் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவுதான். மேலே காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும், நாம் மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றுவோம். அப்புறம் தண்டு அழுகும். பூ முடிந்ததும் செம்மண், ஆற்றுமணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து மாற்றுங்கள்.

வாடிய பூவை அப்படியே வைப்பது

கொத்தோடு, கீழே ஒரு ஜோடி இலையும் சேர்த்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் செடி ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக நிற்கும்.

ஆடு, பூனை, நாய்

தின்றால் விஷம். எட்டாத இடத்தில் வையுங்கள்.