கோடியக்கரைக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள்

பினாங்கிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கோலாலம்பூர் வழியாகத் திருச்சியில் இறங்குவது, தஞ்சாவூர், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, சொந்தக்காரர் வீடு, கடைசியில் துணிக்கடை. வேளாங்கண்ணிக்குத் தெற்கே, அதே கடற்கரையில்தான் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே வந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த கரை உயிரோடு எப்படி இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

நம் பினாங்கின் தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவை மனத்தில் வைத்துப் போகாதீர்கள். அங்கே மலைச்சரிவு, அடர்ந்த நிழல், காட்டுப்பாதை. கோடியக்கரை தட்டையான நிலம். ராமரின் காலடித் தடம் என்று வணங்கப்படும் ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் அங்கே உயரமான இடம். ஒரு பக்கம் உலர்ந்த பசுமைமாறாக் காடு, நடுவில் புல்வெளி, மறுபக்கம் கண்ணுக்கெட்டாத சதுப்பு. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் முனை அது.

1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தின் பெருமையே வெளிமான்தான். கிடாவின் முறுக்கிய கொம்பும், கறுத்த முதுகும், வெள்ளை வயிறும் தூரத்திலிருந்தே தெரியும். விடிந்ததும் ஒரு முறை, வெயில் தாழ்ந்ததும் ஒரு முறை புல்வெளிப் பக்கம் போங்கள். நண்பகலில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஓர் இரவு தங்கச் சொல்வது இதற்காகத்தான். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, குரங்கு எல்லாம் உண்டு. சுற்றித் திரியும் குதிரைகள், வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் பெருகியவை. பிள்ளைகளுக்கு அவற்றைப் பிடிக்கும், ஆனால் மானுக்கான புல்லை அவையும் மேய்கின்றன.

பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பூநாரைகளும், சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் சதுப்பில் இறங்கும். பினாங்கின் பெருநிலப் பகுதியான நம் செபராங் பிறை கரையோரச் சேற்றிலும் இதே பருவத்தில் உள்ளான்கள் வருகின்றன; அங்கே ஒரு காலை பார்த்துப் பழகிவிட்டுப் போனால் கண்ணுக்கு எளிது. பூநாரை எங்கே நிற்கும் என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்தது. ஆழம் கூடினால் கூட்டம் இடம் மாறிவிடும். பெரும்பாலும் தூரத்தில்தான் நிற்கும், அதனால் பைனாகுலர் கட்டாயம். படத்துக்காகச் சேற்றில் இறங்கி நெருங்காதீர்கள்; கூட்டமே கிளம்பிவிடும்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை இந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் அடித்தது, காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. கிளம்பும் முன் வானிலைச் செய்தியைப் பாருங்கள். முடிந்தால் ஜனவரி சிறந்தது.

திருச்சியிலிருந்து கார் எடுத்தால் தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக நாலு மணி நேரமாவது ஆகும். இரவு தங்கல் உண்டு என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லி, பேட்டாவையும் (ஓட்டுநரின் படிக்காசு) பேசி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் "அங்கே என்னங்க இருக்கு" என்று வேளாங்கண்ணிக்கே திருப்பப் பார்ப்பார். வேதாரண்யத்தில் சாதாரண விடுதிகள் உண்டு. வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்க விரும்பினால் நாகப்பட்டினத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையே உப்பளங்கள் வரும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊர் இது. அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூணில் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

நுழைவுச்சீட்டுக்கும் தேநீருக்கும் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நம் கைபேசிப் பணம் அங்கே உதவாது. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் காரில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். குரங்குக்குத் தீனி போடவே கூடாது. தீனி போடுவது பாவம் பார்ப்பது ஆகாது, அதைக் கெடுப்பது.

அப்புறம், தை அமாவாசை. கடலில் நீராட அன்று பெருங்கூட்டம் வரும். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு அதுதான் நாள். மானும் பறவையும் பார்க்க வேண்டுமென்றால் நாள்காட்டியைப் பார்த்து இரண்டு நாள் தள்ளி டிக்கெட் எடுங்கள்.