கிறிஸ்துமஸ் பரிசு: நம் கரையில் நாம் செய்யும் தவறுகள்

டிசம்பரில் எங்கள் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கையில் காசு புழங்குவது குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலம்; பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கரையில்தான். அந்த நேரம் பார்த்துத்தான் புத்தாடை, கேக், ஸ்டார், சொந்தக்காரர் பிள்ளைகளுக்குப் பரிசு என்று செலவு வரிசையாக வரும்.

அதைக் கடன் வாங்கிச் சமாளிப்பதுதான் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன். ஒரு வருடம் கம்மலை அடகு வைத்து, மகளுக்கு ஜரிகை கவுனும் கொழுந்தன் பிள்ளைக்கு ரிமோட் காரும் வாங்கினேன். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து விடிந்த காலையிலேயே மணலில் ஓட்டிக் காரின் சக்கரம் கழன்றது. கம்மல் வீடு திரும்ப ஆனி மாதம் ஆனது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது எங்கே போய் மீட்பது? "பாலன் இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகளே பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்களே" என்பார் என் மாமியார். அவர்கள் எதையும் அடகு வைத்து வரவில்லையே, அத்தை!

வெளியூர் உறவுக்குக் கடற்கரை ஞாபகமாகப் பவளத்துண்டு, காய்ந்த கடல்குதிரை கொடுப்பது இன்னொன்று. இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, கையில் வைத்திருந்தாலே வழக்கு வரும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுங்கள், போதும். மழை ஈரத்தில் கசியும் என்பதால் ரொம்ப முன்னாடி வாங்கி வைக்காதீர்கள்.

அப்புறம், கேட்காமல் கொடுப்பது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கணவர் இலங்கைச் சிறையில் இருந்தார், படகும் அங்கேதான். பண்டிகைக்கு முந்தின நாள் நான் கேக்கோடு போனேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அலமாரியைக் காட்டினாள். பிளாஸ்டிக் மூடிக்குள் சிவப்பு ரிப்பன் கட்டி ஏற்கெனவே நான்கு கேக். "உங்களோடது அஞ்சாவது அக்கா. கேஸ்தான் தீந்துபோச்சு, விறகும் மழையில நனைஞ்சு கிடக்கு" என்றாள்.

எல்லோரும் நல்ல மனதோடுதான் கொண்டுபோயிருந்தோம். யாரும் "வீட்டில் என்ன தீர்ந்திருக்கு?" என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் நான்கு ஞாயிறு இருக்கிறது, முதல் ஞாயிறிலேயே போய்க் கேட்டிருக்கலாம். கும்பலாகப் போகாமல், பூசை முடிந்து வரும் வழியில் ஒருவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டால் சொல்லக் கூச்சப்பட மாட்டார்கள். கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குத்தானே போக வேண்டும்.

நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அன்று மாலையே சிலிண்டருக்கு ஏற்பாடு செய்தோம். ராத்திரி அவள் மகன் இரண்டு கேக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றான், தின்று தீரவில்லை என்று அம்மா கொடுத்துவிட்டாளாம்.