செஃப்ட்ரியாக்சோனைப் பூட்டி வைத்தால் தீருமா?

மலாவி நாட்டின் பிளான்டையர் நகரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனை என்ற பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ரத்தத்தில் கிருமித் தொற்று இருக்குமோ என்று சந்தேகப்படும் நோயாளிகளுக்கு அங்கே 1998 முதல் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்து, முடிவுகளைச் சேர்த்து வருகிறார்கள். ஏழை நாடுகளில் இவ்வளவு நீண்ட கணக்கு அபூர்வம். அதில் ஒரு கிருமியை மட்டும் பார்ப்போம். அதன் பெயர் கிளெப்சியெல்லா; ரத்தத்தில் கண்ட இந்தக் கிருமிகளில், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் வகை ஊசிகளுக்கு அடங்காதவை 2003-இல் சுமார் 12 சதவீதம், 2016-இல் சுமார் 90 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அந்த ஊசி வார்டுகளில் தாராளமாகப் புழங்க ஆரம்பித்தது.

இதைப் படித்ததும் "டாக்டர்கள் கண்டபடி எழுதுகிறார்கள், கட்டுப்படுத்துங்கள்" என்றுதான் சொல்லத் தோன்றும். முதல் தவறு அதுதான். ஏன் எழுதுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பென்சில்பெனிசிலின் என்ற பழைய ஆன்டிபயாடிக் ஊசியை ஒரு நாளைக்கு நான்கு வேளையாவது போட வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் பெரும்பாலும் ஒரு வேளை போதும். ராத்திரி முழு வார்டுக்கும் ஒரே நர்ஸ் என்றால், நடுராத்திரி டோஸ் விட்டுப்போவது நிச்சயம். வந்திருப்பது நிமோனியாவா, டைஃபாய்டா, மூளைக்காய்ச்சலா என்று சொல்ல லேப் வசதியும் இருக்காது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அந்த நேரத்தில் நான் டியூட்டியில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அப்புறம், பணக்கார நாட்டு முறையை அப்படியே இறக்குமதி செய்வது. தொற்றுநோய் நிபுணர் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து என்று விதி வைப்பார்கள். நிபுணரே இல்லாத ஊரில் யார் போடுவது? செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிக்கு ஒரு மணி நேரத் தாமதமே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது: எப்போதும் கைக்கெட்ட வேண்டியவை, கவனித்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்குக் காத்து வைக்க வேண்டியவை. பல இடங்களில் இதைத் தடைப் பட்டியலாக மட்டும் படிக்கிறார்கள். முதல் வகையில் உள்ள ஜென்டாமைசினும் ஆம்பிசிலினும் ஸ்டோரில் தீர்ந்து கிடந்தால், இரண்டாம் வகையில் இருக்கும் செஃப்ட்ரியாக்சோனை எழுதாதே என்று சொல்லிப் பயனில்லை.

என் கணக்கில் பெரிய தவறு வேறு. ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஆரம்பித்த தேதி இருக்கும், டோஸ் இருக்கும். எதற்காக, எந்த நாள் வரை என்பது இருக்காது. முதல் டோஸ் சரிதான். உயிர் போகும் அவசரத்தில் யூகித்துத்தான் கொடுக்க முடியும். 48 மணி நேரம் கழித்து யாரும் திரும்பிப் பார்க்காததில்தான் கோளாறு. மலேரியா என்று உறுதியாகியிருக்கும், காய்ச்சலும் விட்டிருக்கும், ஊசி மட்டும் ஏழாம் நாளும் ஏறிக்கொண்டிருக்கும். நம்மூர் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் 'ரிப்பீட் ஆல்' (நேற்றைய மருந்துகளையே தொடரவும்) என்று எழுதிவிட்டு நகர்கிற சுகம் தெரியும். சாப்பிட ஆரம்பித்த பல நோயாளிகளை மாத்திரைக்கு மாற்றலாம். அதுவும் 48 மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் ரவுண்ட்ஸில்தான் நடக்க வேண்டும்.

சிசேரியனுக்கும் இதே கதை. கத்தி வைப்பதற்கு முன் ஒரு டோஸ் போதும், ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் "வார்டு சுத்தமில்லை, எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள் போடுகிறார்கள். கை கழுவக் குழாயில் தண்ணீர் வராததற்கு ஊசி ஈடாகாது.

கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது முதல் டோஸுக்கு முன்னால் இருக்க வேண்டும். முடிவு வந்ததும் லேபில் இருந்து வார்டுக்கு ஒரு போன் போக வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவு வீண்.

பிளான்டையரில் என்ன செய்தார்கள்? தங்கள் ஆஸ்பத்திரிக்கென்றே எழுதிய சிகிச்சைக் குறிப்பை மொபைல் செயலியாகக் கொடுத்தார்கள். அவ்வப்போது வார்டில் எல்லாருடைய கேஸ் ஷீட்டையும் பார்த்து, கணக்கை டாக்டர்களிடமே காட்டினார்கள். ஆன்டிபயாடிக் பெறும் பெரியவர்களில் செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசி போடப்பட்டவர்கள் சுமார் 80 சதவீதத்தில் இருந்து 54 சதவீதத்துக்குக் குறைந்தார்கள். இறப்பு கூடவில்லை.

இந்தக் கணக்கெடுப்புக்குச் செயலிகூட வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு நோட்டு, ஒரு காலை நேரம் போதும். ஆனால் கூட்டத்தில் டாக்டர் பெயரைச் சொல்லி வாசித்துவிடாதீர்கள். வார்டு பெயர் போதும். பெயரைச் சொன்னால், அடுத்த மாதம் கேஸ் ஷீட்டில் எல்லாக் கட்டங்களும் அழகாக நிரம்பியிருக்கும், உள்ளே ஏறுவது அதே ஊசியாக இருக்கும்.