மழை விட்டு வெயில் ஏறுறதுக்குள்ள: மாசி மாசத்த வீட்டோட இருந்து அனுபவிக்கிற விதம்

மட்டக்களப்புல வசந்தகாலம் எண்டு ஒண்டு கிடையாது, ஒண்டு மழை இல்லாட்டி வெயில் எண்டு சொல்ற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். இருக்கு. ஆனா மெத்தச் சின்னது. ஐப்பசியில தொடங்குற மாரி தையோட ஓயும், பங்குனி கடைசியில வெயில் மண்டையப் பிளக்கத் தொடங்கும், ஏப்ரல் முதல் பாதியில சூரியன் நேர உச்சிக்கு மேல வந்து நிக்கும், அண்டைக்கு மத்தியானம் முத்தத்துல ஒரு தடிய நட்டா நிழலே விழாது. இந்த ரெண்டுக்கும் நடுவில கிடைக்கிற ஏழெட்டுக் கிழமைதான் எங்கட இளவேனில். மழை வேளைக்கே விட்டுட்டா ஒள்ளுப்பம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான்.

வந்துட்டா இல்லையா எண்டு கலண்டரப் பாத்துத் தெரியாது, மூக்குத்தான் சொல்லும். விடிய எழும்பி கிணத்தடிக்குப் போகக்குள்ள ஒரு இனிப்பும் புளிப்பும் கலந்த வாசம் அடிச்சா மாமரம் பூத்துட்டு எண்டு அர்த்தம். ராவையில குளிர்ந்து, பகல்ல மழையில்லாம காஞ்சா மாமரம் பூக்கும், அதால வேளைக்குப் பூத்தா மாரி வேளைக்கு ஓய்ஞ்சிட்டு எண்டு எடுக்கலாம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் எண்டு பழமொழி இருக்கு, எங்கட ஊர்ப் பனி மச்ச ஒண்டும் துளைக்காது, ஆனா விடிய அஞ்சு மணிக்கு வெறுங்காலோட புல்லுல நடந்து பாருங்க, கால் சில்லெண்டு போகும். அதுக்கு செருப்பக் கழட்டணும், அவ்வளவுதான் செலவு.

மாம்பூவ கிட்டப் போய்ப் பாருங்க. தூரத்துல இருந்து பாத்துட்டு "ஆ பூத்திருக்கு" எண்டு உள்ள போறதுல ஒண்டுமில்ல. காலம எட்டு ஒம்பது மணிக்கு, கைக்கெட்டுற ஒரு கொத்தப் பிடிச்சுப் பாத்தா கொத்தமல்லி அளவுல ஒவ்வொரு பூ, மஞ்சளும் ஒரு சாதி இளஞ்சிவப்பும். ஒரு கொத்துலயே நூத்துக்கணக்கில இருக்கும், சிலதுல ஆயிரத்துக்கும் மேல. அதுல பெரும்பாலும் ஆண்பூ, காய்ச்சு நிக்கிறது ஒண்டோ ரெண்டோதான், அதால கீழ கொட்டிக் கிடக்கிறதப் பாத்து மனம் உடைய வேணாம். அதுல மொய்க்கிற இலையானையும் கலைக்காதீங்க, மாம்பூவுக்கு மகரந்தம் மாத்திற வேலைய பெரும்பாலும் அதுகள்தான் செய்யுதுகள். கொப்ப மெல்ல ஆட்டினா படபடவெண்டு மழை தூறுற மாதிரி ஒரு சத்தம் வந்தா அது தத்துப்பூச்சி, பூவுட சாறக் குடிக்கிற பூச்சி, இலையெல்லாம் பிசுபிசுப்பா இருக்கும். ஆரோ சொன்னாங்க எண்டு ரெண்டு வருசத்துக்கு முன்ன நான் பூ விரிஞ்சு நிக்கக்குள்ளயே அதுக்கு மருந்தடிச்சன், இலையானும் இல்ல தேனீயும் இல்ல, அந்த வருசம் மொத்த மரத்துலயும் ஏழே ஏழு காய், அதுலயும் மூண்ட அணில் திண்டுட்டு. அடிக்கிறதெண்டா பூ விரிய முன்ன விவசாயப் போதனாசிரியர்ட கேட்டுட்டு அடிங்க. விரிஞ்சாப் பிறகு கைய வைக்காதீங்க.

அடுத்தது காது. குயில் கத்தத் தொடங்கினா எல்லாருக்கும் தெரியும், ஆனா கூ கூ எண்டு கூவுறது கறுப்பு ஆண் மட்டுந்தான், பெண் கபில நிறத்துல வெள்ளப் புள்ளியோட இருக்கும், அது கிக் கிக் கிக் எண்டு அவசரமா கத்தும், அநேகம் பேர் அத வேற குருவி எண்டு நினைச்சிட்டு இருப்பாங்க. காகம் கூடு கட்டிற தென்னைக்குக் கிட்ட இந்த ரெண்டு சத்தமும் கேட்டா அங்க ஒரு நாடகம் நடக்குது, கதிரையப் போட்டுட்டுப் பாக்கலாம். ஆனா எனக்கு குயில விட ஆறுமணிக்குருவிதான் விருப்பம். இந்தியாவில இருந்து மாரிக்கு முன்ன வரும், சித்திரையோட திரும்பிடும், அதனால இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பேர்ல இருக்கிற மாதிரியே விடியவும் பொழுதுபடவும் கத்தும். அத வளவுக்குள்ள கூப்பிட ஒரு வழி இருக்கு, வளவுட ஒரு மூலையக் கூட்டாம விடணும். சருகப் புரட்டிப் புழு பூச்சி தேடித் திண்ற குருவி அது. விளக்குமாறோட நிக்கிற அம்மாவ சமாளிக்கிறதுதான் கஷ்டம், "ஊர் ஆக்கள் என்ன நினைப்பாங்க" எண்டுவா, எங்கட வீட்டுல மூண்டு வருசமா அந்தப் பேச்சுவார்த்தை நடக்குது.

ஆனா மத்த மூலையெல்லாம் துப்பரவு செய்யத்தான் வேணும். சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர், பீலி எல்லாத்துலயும் மாரித்தண்ணி தேங்கி இருக்கும். தண்ணிய ஊத்தினா மட்டும் போதாது, டெங்கு நுளம்புட முட்டை பாத்திரத்துட உள்ப்பக்கத்துல ஒட்டிக்கொண்டு காஞ்சாலும் மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், தும்பால நல்லாத் தேய்ச்சுக் கழுவணும்.

மறுகா, மூணு மாசமா ஈரத்துல கிடந்த சாமானெல்லாம் வெளிய வரட்டும். பன்பாய், தலகணி, அலுமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிச்ச புத்தகம் எல்லாம் காலம ஒம்பதுக்குப் போட்டு மூணு மணிக்கு முன்ன எடுத்துடணும், பொழுதுபடுற நேரம் பனி இறங்கினா திரும்ப ஈரமாகும். மருதமுனைக் கைத்தறி எண்டா நேர் வெயிலுக்குப் போடாம மரநிழல்ல போடுங்க, சாயம் வெளிறாது. இலவம்பஞ்சுத் தலகணிய வெயில்ல போட்டுட்டு நான் ஒருக்கா கல்யாண வீட்டுக்குப் போயிட்டன், மாசியில என்ன மழை எண்ட நினைப்பு, பின்னேரம் ஒரு மழை அடிச்சுது பாருங்க, அந்தத் தலகணி இண்டைக்கும் ஒரு பக்கம் கட்டிதான். வானத்த நம்பாதீங்க.

மல்லிகைச் செடிய இன்னும் வெட்டாட்டி இப்பவே முழங்கால் உயரத்துக்கு வெட்டி, காஞ்ச கொப்ப எடுத்து, அடியில கொஞ்சம் மாட்டெருவப் போட்டுவிடுங்க, புதுக்கொப்புலதான் மொட்டு வரும்.

இந்த நேரத்துல படுவான்கரையில, அதான் வாவிக்கு மேற்குப் பக்கத்து வயல் ஊர்கள்ல, பெரும்போக நெல் வெட்டு நடக்கும், விடியக் காத்து தரைப்பக்கம் இருந்து வரக்குள்ள வைக்கல் வாசம் சேர்ந்து வரும். புது அரிசி வந்தா சோறாக்கையில வழமைய விடத் தண்ணி குறைச்சு வைங்க, புது அரிசி வேளைக்குக் குழைஞ்சிடும். குழைஞ்சாலும் பரவாயில்ல, தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாக்கிடலாம், எங்கட வீட்டுல முதல் நாள் எப்பவும் கஞ்சிதான், தெரிஞ்சு செய்றதில்ல.

அந்தக் கஞ்சிக்குக் கடிக்க வேப்பம்பூ வடகம் வேணும். இத யாழ்ப்பாணத்துச் சாப்பாடு எண்டுவாங்க, எனக்குச் சொல்லித் தந்ததும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாமிதான். மாசிக் கடைசி பங்குனியில வேம்பு பூக்கும். ராவைக்கே மரத்துக்குக் கீழ ஒரு பழைய சீலைய விரிச்சு வைச்சா விடிய பூ கொட்டிக் கிடக்கும், சுளகால புடைச்சுக் காம்பு சருகு எல்லாம் எடுத்துடுங்க. ரெண்டு கப் பூவுக்கு ஒரு கப் உளுந்து, மூணு நாலு மணித்தியாலம் ஊறவைச்சு, தண்ணி ஊத்தாத குறையா கொரகொரவெண்டு அரைக்கணும். தண்ணி கூடினா வடகம் தட்டையா ஓடிடும், காயவும் மாட்டாது. அதோட இடிச்ச செத்தல் மிளகாய் எட்டுப் பத்து, பொடியா வெட்டின சின்ன வெங்காயம் ஒரு கை, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு. பூவ கடைசியில போட்டு கையால மெல்லப் பிரட்டுங்க, கசக்கினா கசப்புக் கூடும். சின்னச் சின்ன வடையாத் தட்டி சுளகுல வைச்சு மூணு நாலு நாள் வெயில், ரெண்டாம் நாள் திருப்பிப் போடணும். உடைச்சா டக்கெண்டு உடையணும், அதுதான் பதம்.

இதுல முக்கியமான விசயம் காவல். காகத்துக்கும் அணிலுக்கும் வடகம் எண்டா தனி விருப்பம். ஒரு தடியோட, ஒரு பிளேன்ட்டியோட மாமரத்துக்குக் கீழ ஆராவது குந்தத்தான் வேணும், நான் தங்கச்சிட பொடியன இருத்திட்டுக் குளிக்கப் போனா அவன் போனப் பாத்துட்டு இருந்திருக்கான், சுளகுல பாதி இல்ல. அதால இப்ப நானேதான் குந்துறது. காஞ்சாப் பிறகு ஈரமில்லாத போத்தல்ல போட்டு மூடி இறுக்கி வைங்க, பொரிக்கக்குள்ள நெருப்பக் குறைச்சு தேங்காயெண்ணெயில போடுங்க, நிறம் மாறின உடன எடுத்துடணும், கொஞ்சம் சுணங்கினாலும் கருகிடும்.