வீடியோவுக்குப் பழுதின் பெயர் வையுங்கள்

ஷூவுக்கான தோலின் விளிம்பை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங் மெஷினில் கைதேர்ந்தவர் ஒரு பழுதைச் சரிசெய்வதை 90 வினாடிக்குள் போனில் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் கியூஆர் குறியீட்டை அந்த மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரே பழுது. பெயரும் தொழிலாளர் பேச்சிலேயே இருக்கட்டும்: "மடிச்ச இடம் தடிக்குது", "விளிம்பு கிழியுது". "பயிற்சி 3" என்றால் யார் திறப்பார்கள்?

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சந்தேகம் வருவது தோல் கையில் இருக்கும்போதுதான், வகுப்பில் அல்ல. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலோ, மறுநாளே காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

கேமரா தொழிலாளியின் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரே நின்று எடுத்தால் இடம் வலம் மாறும். தோலை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தின் திருகை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறார் என்பதும், சீவிய விளிம்பை விரலால் மடித்துப் பார்ப்பதும் கிட்டத்தில் தெரிய வேண்டும். மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது. விளக்கத்தை டீ நேரத்தில் தனியாகப் பதிந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய வீடியோ வந்தால் பழையதை அழிக்காதீர்கள். லிங்க் மாறிவிடும், ஒட்டிய கியூஆர் எல்லாம் வீண். கணினியில் டிரைவைத் திறந்து, பதிப்புகளை நிர்வகிக்கும் வசதி வழியாக அதே ஃபைலில் புதியதை ஏற்றினால் லிங்க் அப்படியே இருக்கும். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைக்க மறந்தால் ஸ்கேன் செய்பவரிடம் அனுமதி கேட்டு நிற்கும்.

ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின், இன்னும் கடைக்கு வராத மாடல் கேமராவில் விழும் இடத்தில் இந்த வீடியோ வேண்டாம். தோல் பதனிடும் ஆலையில் விஷவாயு தேங்கும் தொட்டி வேலைக்கு வீடியோ போதவே போதாது. அதற்கு நேரடிப் பயிற்சியும் மேற்பார்வையும்தான்.