‘பம்பு போச்சு’ என்றதும் பர்ஸை எடுக்காதீர்கள்: பெட்ரோல் காரில் பியூயல் பம்ப் கோளாறு, ரீகால், ஸ்பேர்

போன மே மாதம் வள்ளியூரில் ஒரு வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்குநேரி தாண்டி, மூன்றடைப்பு வருமுன், ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. ரெண்டு ஜர்க். அப்புறம் நாற்கரச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டது. ஹஸார்டு லைட்டைப் போட்டு, ஓரம் தள்ளி, 1033-க்கு அடித்தோம். (தேசிய நெடுஞ்சாலை உதவி எண். போனில் பதிந்து வையுங்கள்.) அரை மணி நேரம் கழித்துச் செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது.

மறுநாள் ஒரு பட்டறையில் “பம்பு போச்சு” என்றார்கள். மாற்றினார்கள், பணம் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் அதே கதை. இந்த முறை பாளையங்கோட்டையில் பல காலமாக வண்டி பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “ஆர்.சி. கொண்டாந்தியளா? சேஸிஸ் நம்பரக் கம்பெனி வெப்சைட்ல அடிச்சுப் பாத்தியளா?” என்றார். பார்த்தேன். என் வண்டியின் பம்பை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி ‘ரீகால்’ (கோளாறான பாகத்துக்காக வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியவன். கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கிறது.

அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். இது சாதாரண பெட்ரோல் காருக்கு மட்டும். டீசலும், எஞ்சின் மேலேயே இன்னொரு ஹை பிரஷர் பம்ப் வைத்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ வண்டிகளும் வேறு கதை. அந்த லைனில் கை வைக்காதீர்கள்.

படி 1: காதைக் கொடுங்கள்

பம்ப் இருப்பது பெட்ரோல் டேங்குக்கு உள்ளே. பெரும்பாலான கார்களில் பின் சீட்டுக்கு அடியில். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார் அது. சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் நிறுத்துங்கள். பின் சீட்டுப் பக்கம் சுமார் இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்க வேண்டும். பாட்டு, ஏசி, ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்கவில்லையா? ஒருவரைப் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைக்கச் சொல்லுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சிலவற்றில் இந்தச் சத்தம் வேறு நேரத்தில் வரும். நன்றாக ஓடும் நாளிலேயே உங்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொண்டால் நல்லது.

சத்தமே இல்லையென்றால் கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. சத்தம் இருந்தும் வண்டி எடுக்கவில்லையென்றால் பிரஷர் போதாமல் இருக்கலாம். கோளாறு இக்னிஷன் (பொறி கொடுக்கும்) பக்கமும் இருக்கலாம். ஓடும்போது பின்னாலிருந்து வண்டு முரலுகிற மாதிரிச் சத்தம், ஏற்றத்தில் பிக்கப் இல்லாமை, காலையில் நீளமாகச் செல்ஃப் அடித்தால்தான் எடுப்பது, சூடானதும் நின்று ஆறியதும் எடுப்பது, இவையெல்லாம் சாகப்போகும் பம்பின் லட்சணங்கள். என் வண்டி கடைசி ரகம்.

படி 2: பியூஸும் ரிலேயும்

பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் பியூயல் பம்ப் எங்கே என்று இருக்கும். பியூஸை உருவிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். பெரிய ஆம்பியர் போட்டு ‘தாக்குப் பிடிக்கும்’ என்று நினைப்பது தீயோடு விளையாட்டு. ரிலேக்கு (பம்புக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச் பெட்டி) இன்னும் எளிதான வழி: பக்கத்திலேயே ஹாரனுக்கும் ஒரு ரிலே இருக்கும். மேலே உள்ள எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். வண்டி எடுத்து, ஹாரன் அடிக்காவிட்டால் செலவு ஒரு ரிலேயோடு போச்சு.

நடுவழியில் சிக்கியவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியம்: ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியில் கையால் ரெண்டு தட்டு தட்டினால் இறுகிய மோட்டார் சில நேரம் விடுபடும். வீடு வந்து சேர மட்டும் அது போதும்.

படி 3: ரீகால் இருக்கிறதா?

பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்.

பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் உண்டு, இம்பெல்லர் என்பார்கள். அதன் பொருள் அடர்த்தி குறைவாக இருந்தால் பெட்ரோலைக் குடித்து ஊறி உப்பும். உப்பினால் பம்பின் உடம்பில் உரசி, ஓட்டத்திலேயே மோட்டார் நின்றுவிடும். 2020 தொடக்கத்தில் அமெரிக்காவில் டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதனால்தான். அதே 2020 ஜூனில் இங்கே ஹோண்டா, 2018-இல் தயாரான 65,651 கார்களுக்கு பம்ப் மாற்ற அறிவித்தது. 2024 அக்டோபரில் மறுபடியும், பழைய மாடல்கள் 90,468-க்கு. மாருதி 2020 ஜூலையில் வேகன்ஆர் 1 லிட்டர், பலேனோ பெட்ரோல் இரண்டிலுமாக 1,34,885 வண்டிகளைப் பம்புக்காக அழைத்தது. 2024 மார்ச்சில், 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான 16,041 பலேனோ, வேகன்ஆர் வண்டிகளை பம்ப் மோட்டாருக்காக.

இந்த வண்டிகளில் பல இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி நம் தெருவில் ஓடுகின்றன. ரீகால் வண்டியின் நம்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஓனர் மாறினாலும் போகாது. ஆகவே:

ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரை எடுங்கள். டிஎன் 72 என்று தொடங்குவது பதிவு எண், அது வேறு. சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ‘ஓ’ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். கம்பெனியின் வெப்சைட்டில் ரீகால் பக்கத்தைத் தேடி அதை அடியுங்கள். கைவரவில்லையென்றால் அதே கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் நம்பரைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். ‘முன்பே மாற்றியாச்சு’ என்று வந்தால் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். ரீகால் வேலைக்குப் பொருளுக்கும் கூலிக்கும் காசு கிடையாது. ஆனாலும் ஜாப் கார்டு (செய்த வேலையைக் குறித்த சீட்டு) கேட்டு வாங்குங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் அரசே ரீகாலுக்கு உத்தரவிட விதி உண்டு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். அறிவிப்பு வராத வண்டியில் திரும்பத் திரும்ப அதே கோளாறு வந்தால் அரசின் ‘வாகன்’ வெப்சைட்டில் புகார் பதியலாம்.

படி 4: ரீகால் இல்லையென்றால், ஸ்பேர்

பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் பம்ப் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணப் பெட்ரோல் காரில் 3 முதல் 4 பார் (பிரஷரின் அளவு) வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான அளவை மெக்கானிக்கிடம் கேளுங்கள். டேங்க் மேலுள்ள சாக்கெட்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கரண்ட் வராமல் புதுப் பம்ப் போட்டவர்கள் உண்டு.

கடைக்குப் போகும்போது பழைய பம்பில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துப் போங்கள். ‘அதே மாடல்தான், உக்காரும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். முதலில் எனக்கு மாட்டியது அட்டைப்பெட்டியில் எழுத்து மங்கிய டூப்ளிகேட். ஒரிஜினலில் மூன்றில் ஒரு பங்கு விலை என்று மகிழ்ந்தேன்.

படி 5: மாற்றும்போது

புதியவர்கள் தனியாகச் செய்யும் வேலை இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கவாவது தெரிந்திருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். திறந்தவெளி வேண்டும். பீடி, சிகரெட், எரியும் பல்பு, வெல்டிங், எதுவும் பக்கத்தில் ஆகாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இருக்கும் நாளாகப் பாருங்கள். பம்ப் பியூஸை உருவிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். தானாக நின்றதும் லைனில் பிரஷர் இறங்கியிருக்கும். அப்புறம் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பின் சீட்டைத் தூக்கி, அடியில் உள்ள மூடியைத் திறந்தால் ஊர்ச் செம்மண் ஒரு படி இருக்கும். அதை முதலில் துடைக்காமல் பம்பைத் தூக்கினால் அவ்வளவும் டேங்குக்குள் போய்விடும். சாக்கெட்டைக் கழற்றி, பெட்ரோல் பைப்பின் பிளாஸ்டிக் பூட்டைத் துணி சுற்றி அழுத்தி விடுங்கள். மிச்சப் பெட்ரோல் தெறிக்கும். லாக் ரிங்கைத் திருகி எடுத்து, மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்து மெல்ல வெளியே. கம்பி வளைந்தால் பெட்ரோல் முள் காலத்துக்கும் பொய் சொல்லும்.

டேங்கின் அடியில் துருவோ மண்ணோ இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் புது பம்ப் போடாதீர்கள். ஸ்ட்ரெய்னர் (பம்பின் வடிகட்டி), ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இரண்டும் புதிது. பழைய ஓ-ரிங் உப்பியிருக்கும், திரும்ப உட்காராது. எல்லாம் மாட்டியதும் சாவியை நாலைந்து தடவை ஆன், ஆஃப் செய்து லைனில் பெட்ரோல் ஏற விடுங்கள். டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். பிறகுதான் செல்ஃப், அதற்கும் பிறகுதான் சீட்.

மாற்றிய பிறகு முந்நூறு ரூபாய்க்குப் போட்டு முந்நூறு ரூபாய்க்கு ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். பம்பின் சூட்டைத் தணிப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன். சிஎன்ஜி வண்டிக்காரர்களும் பெட்ரோல் டேங்கைக் காயப்போட வேண்டாம்.

பழைய பம்பைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ரீகாலுக்கு நான் போனபோது, “உள்ள இருக்கது எங்க பம்பு இல்லையே சார்” என்று இழுத்தார்கள். முதல் பட்டறையில் ஏதோ புத்தியில் கேட்டு வாங்கி, டிக்கியில் தினத்தாளில் சுற்றிப் போட்டிருந்த கம்பெனிப் பம்பை எடுத்து மேஜையில் வைத்தேன். பார்ட் நம்பரைப் பார்த்தார்கள், ஜாப் கார்டு போட்டார்கள். சாயங்காலம் நாலரைக்கு வண்டி கையில்.